குறிப்பு ஐயா

குறிப்பெழுதிகள் என்று ஒரு இனம் உண்டு. வேலையை விட வேலையைப் பற்றிய குறிப்பே பெரிது இவர்களுக்கு.

அவள் 'குறிப்பு ஐயா' என்ற பெயரை முதலில் கேட்டது கல்யாணமான இரண்டாம் வாரம். போனில் யாரோ, "குறிப்பு ஐயா இருக்காரா?" என்றார்கள். தவறான எண் என்று வைத்துவிட்டாள். பார்த்தால், கட்டிக்கொண்டவரே அவர்தான். ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அவருடைய பெரியப்பா, மகள் கல்யாணத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று நாலு நோட்டு எழுதி, சொந்தச் சம்பந்தியை அழைக்க மறந்தவர். ரத்தம் அப்படி.

கணவருக்குக் கணினி மென்பொருள் வேலை. புதுப் பதிப்பில் செய்த திருத்தத்தை, பழைய பதிப்பை விடாமல் வைத்திருக்கிறவர்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். புதுத் துணியில் துண்டு வெட்டிப் பழைய சட்டைக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி. புதுசுக்கு ஒரு கிளை, பழசுக்கு ஒரு கிளை. என்ன மாற்றினோம் என்று எழுதுவது சேஞ்ச்லாக்.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஓடியது அந்தப் பழைய பதிப்புதான். ஒருநாள் அது அரை மாத்திரையை ஒரு மாத்திரை என்று சீட்டில் அச்சடிக்க ஆரம்பித்தது. திருத்தம் வரும்வரை ஒவ்வொரு சீட்டையும் அவள் பேனாவால் திருத்தினாள். ஒன்று கண்ணுக்குத் தப்பினால்? திருத்தியதை இன்னொரு முறை படித்த பிறகே சீட்டைக் கொடுப்பாள்.

ஐயா அசரவில்லை. கிளைக்குப் பெயர் வைத்து, அது பிடிக்காமல் மாற்றி, பதிப்பு எண்ணை ஏற்றி, பதினோரு வரிக் குறிப்பு எழுதி, அது 'திருத்தங்கள்' தலைப்பில் வருமா 'முக்கியத் திருத்தங்கள்' தலைப்பில் வருமா என்று ஒரு வாரம் கூட்டம் போட்டு, திங்கள் காலையில் அனுப்பிவைத்தார். அவள் பேனாவை மூடினாள். முதல் சீட்டு வந்தது. மறுபடி பேனாவைத் திறந்தாள்; கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, அரை இன்னும் ஒண்ணாத்தான் வருது."

"வராதே. குறிப்புல சரி பண்ணியாச்சுன்னு இருக்கு, பாரு."

"மாத்திரை சாப்பிடுறவங்க உங்க குறிப்பைப் படிச்சுட்டா சாப்பிடுறாங்க?"

தட்டச்சுச் சத்தம். பிறகு மெல்லிய குரல்: "திருத்தம் புதுக் கிளையிலேயே நின்னுபோச்சு. பழசுக்குக் குறிப்பு மட்டும்தான் வந்திருக்கு."

ஒட்டுப் போட இருபது நிமிடம் ஆனது. ஆனாலும் அது மருந்தகத்துக்கு வந்து சேரவில்லை.

"இன்னும் என்னங்க?"

"முன்னாடி சொன்ன திருத்தம் இப்ப நிஜமாவே சேர்ந்திருக்குன்னு எழுதணும். மூணு பேர் பார்த்து ஒப்புக்கணும்."

"சரி. அதுவரைக்கும் நான் கையால எழுதுறேன்."

நாற்பத்து மூன்று சீட்டு. ஒன்றும் தப்பவில்லை; அது அவள் கண்ணின் புண்ணியம்.

சிரிக்கிறீர்களா? நேற்று நீங்கள் 'அண்ணனிடம் பேசியாச்சு' என்று டைரியில் கோடு போட்டீர்களே, அந்த அண்ணனிடம் உண்மையில் பேசினீர்களா?

அவள் இப்போதும் அதே மருந்தகத்தில்தான், பேனாவும் கையுமாக. ஐயா இப்போது தன் மென்பொருள் பிரிவுக்கே தலைவர்.