ஜெர்மன் அங்கிளின் உப்புமா நாடகம்

நியூஜெர்சியிலேயே, ஏன், இந்தப் பூமியிலேயே, அடுத்தவர் தும்மலுக்கு நேரம் குறித்து வைத்த ஒரே மனிதர் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ ஜெர்மன் அங்கிள்தான். சொந்த ஊர் பொள்ளாச்சி. ஜெர்மனியை விமான ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. மருந்து கம்பெனியில், புது மாத்திரை விழுங்கியவர்கள் எத்தனை முறை இருமினார்கள் என்று குறித்துவைக்கும் உத்தியோகம். ஆபீசில் ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போனவர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் இலக்கியத்தில் தலைகுப்புற விழுந்துவிட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

லிஃப்டில் மாட்டினால் தொலைந்தோம்.

“யதார்த்தவாதி குப்பைத்தொட்டியைக் காட்டுவானுங்க தம்பி. ஆனா மூடி போட்டு அழகாக் காட்டுவான். அப்புறம் இயற்கைவாதி வந்தான் பாருங்க, மூடியவே தொறந்துட்டான்! இருமல், செருமல், கொட்டாவி, நொடிக்கு நொடி அப்படியே எழுதிப்போட்டான்!”

நாம் இறங்கவேண்டிய மாடி போயே போய்விடும்.

அவருடைய ஒரே லட்சியம், தமிழ்ச்சங்கப் பொங்கல் விழாவில் ஓர் இயற்கைவாத நாடகம். மூன்று வருடம் மனுப்போட்டார், மூன்று வருடமும் நிராகரித்தார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. முதல் பதினொரு பக்கத்தில் யாரும் வாயே திறக்கவில்லை. சமையலறை வர்ணனைதான், சிங்க்கில் ஊறும் பாத்திரம் உட்பட. நான்காம் வருடம் சங்கச் செயலாளர் மாலதி சரணடைந்தாள்.

“இருபது நிமிஷம் அங்கிள். ஆடியன்ஸ் எழுந்து போயிட்டாங்கன்னா, இனிமே டிராமா பத்தி ஒரு டெக்ஸ்ட்கூட பண்ணக்கூடாது. டீலா?”

“டீலுங்க கண்ணு.”

புருஷன் வேடத்துக்கு நான், மனைவி வேடத்துக்கு என் மனைவி சுதா. ஆதாரம் திரட்டுகிறேன் என்று மூன்று சனிக்கிழமை எங்கள் கிச்சனில் ஸ்டாப்வாட்சோடு வந்து உட்கார்ந்தார். கதை இதுதான்: காலை ஏழு மணி. புருஷனுக்கு முந்தின நாள் வேலை போய்விட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. அவள் உப்புமா கிளறுகிறாள். அவ்வளவுதான்.

உடை விஷயத்தில் போர் மூண்டது.

“மேடையில நைட்டியா? செத்தாலும் மாட்டேன் அங்கிள்” என்றாள் சுதா.

“காலைல ஏழு மணிக்கு நீங்க பட்டுப்புடவையிலயா உப்புமா கிண்டுறீங்க? நான் மூணு வாரம் பார்த்தேனுங்களே.”

துண்டு போட்டுக்கொள்ளலாம் என்பதோடு சமாதானம் ஏற்பட்டது.

விழா நாள். பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில் நெருப்பே கூடாது என்று மாலதி அடித்துச் சொல்லியிருந்தாள். அங்கிள் ஒரு மின்சார அடுப்போடு வந்தார். “இதுல நெருப்பு எங்கீங்க இருக்குது?”

நெருப்பு இல்லைதான். ஆனால் எண்ணெயில் காய்ந்த மிளகாய் இருந்தது. பன்னிரண்டாவது நிமிடம் சுதா தாளித்தாள். முதல் வரிசை இருமியது, நூறு பேர் இருமினார்கள், ஃபயர் அலாரம் அலறியது. எல்லோரும் ஜனவரிக் குளிரில் பார்க்கிங் லாட்டுக்கு ஓடினோம். பின்னாலேயே தீயணைப்பு வண்டி வந்தது.

“முடிஞ்சுது அங்கிள். போதும்” என்றாள் மாலதி.

அங்கிள் அசையவில்லை. “அலாரம் அடிச்சா வாழ்க்கை நின்னுபோயிருதுங்களா? இன்னும் எட்டு நிமிஷம் எனக்குப் பாக்கி இருக்குது. தம்பி, கன்டினியூ பண்ணுங்க!”

அந்தக் குரலை மறுக்க எனக்குத் தைரியமில்லை. பனிக்குவியல் ஓரமாக நின்று, இல்லாத அடுப்பில் சுதா இல்லாத உப்புமாவைக் கிளறினாள். ஐந்து நிமிடம் போனது.

“ஏங்க, டைமாச்சே. ஏன் இன்னும் ஷூ போடல?”

இந்த இடத்தில் புருஷன் ஒன்பது விநாடி பேசாமல் நிற்கவேண்டும். ஒத்திகையில் எனக்கு இங்கேதான் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. எதிரே நின்றவர்களில் பாதிப்பேர், வேலை போனால் நாட்டைவிட்டே போகவேண்டிய விசாவில் இருப்பவர்கள். எல்லோர் பையிலும் கார்ச்சாவி இருந்தது, கார் பத்தடியில் நின்றது. ஒருவரும் நகரவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் மட்டும் வந்தது.

“சொல்லிடுப்பா. அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா.”

யாரும் சிரிக்கவில்லை. மீதி மூன்று நிமிடம் எப்படிப் போனதென்று தெரியாது.

மாலதி கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அங்கிள், அவன் அப்புறம் சொன்னானா இல்லையா?”

“தெரியலீங்க கண்ணு. நீங்க இருபது நிமிஷந்தானே குடுத்தீங்க.”

அவரை வீட்டில் விடக் காரில் ஏற்றும்போதுதான் கவனித்தேன், வெறும் சட்டையோடு வெடவெடத்துக்கொண்டிருந்தார். அவருடைய கோட் சுதாவின் நைட்டிக்கு மேலே இருந்தது. அலாரம் அடித்ததுமே கொடுத்துவிட்டாராம். புருஷன் எனக்கு அது தோன்றவில்லை. காலை ஏழு மணிக்குக் கிச்சனில் ஓவர்கோட்டோடு உப்புமா கிளறும் பெண்ணை எந்த இயற்கைவாதியும் மன்னிக்கமாட்டான். அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய நாடகத்தில் அந்தப் பொய்யை மனிதர் தன் கையாலேயே போர்த்தியிருக்கிறார். காரில் ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, வேண்டுமென்றே சுற்றுவழியில் ஓட்டினேன்.