பச்சைப் பெடலுக்கு வந்த சோதனை

இந்த வருசம் கிறிஸ்துமஸ் குடிலைக் குசினிப் பிரிட்ஜ் மேல்தான் வைக்க வேண்டும், தன் கித்தார் ஆம்ப் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலமும் நகராது என்று நெல்சன் முடிவெடுத்துவிட்டான். அதை மனைவியிடம் சொல்ல மட்டும் இன்னும் நேரம் அமையவில்லை.

நியாயம் பூராவும் அவன் பக்கம்தான். கோலா சாவா தோட்டத்து வீட்டில் ஹால் என்பது ரெண்டு பாய் விரிக்கிற இடம். ஒரு மூலையில் மனைவி மரியகொரெட்டியின் கண்ணாடி அலமாரி. உள்ளே கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள். அதில் இன்றுவரை ஒருத்தரும் சோறு தின்றதில்லை. அதை ஒட்டிய மூலையில் நெல்சனின் கித்தார் ஆம்ப், சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டி. வருசா வருசம் குடில் நிற்கிற மூலை அது என்பது உண்மைதான். அதனால் என்ன? வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கெரல் குழுவுக்குக் கித்தார் வாசிப்பது குடிலா, நெல்சனா?

ஆம்ப்பில் ஒரே ஒரு குறை. கெயின் திருகை ஏற்றினால் இடி மாதிரி முழங்கும், ஆனால் தடித்த கம்பியைத் தொட்டதும் சத்தம் குழைந்த சோறாகிவிடும். கூடவே அலமாரித் தட்டெல்லாம் கடகடவென்று ஆடும். அதற்காகத்தான், கித்தாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஒயரில் மாட்டிக் காலால் மிதிக்கிற மாதிரி, பச்சை நிறத்தில் ஒரு பெடல் வாங்கி வந்தான்.

"என்னாங்க இது?"

"பெடல்."

"சைக்கிள் எங்க?"

"கித்தாருக்குலா. இதுல டிரைவ் திருகச் சைபர்ல வச்சு, லெவல் திருக முழுசா ஏத்திடணும். அடிச்சத்தத்துல தொங்குற தொந்தியெல்லாம் வெட்டிட்டுத்தான் ஆம்ப்புக்குள்ள அனுப்பும். சத்தம் இறுகிடும்."

கொரெட்டி அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வயிற்றுக்கிட்ட கொஞ்சம் நின்று பார்த்தாள். "தொந்திய வெட்டுமா? அப்பத் தெனமும் மிதிங்க."

பொறுத்துக்கொண்டான். பெடல் இல்லாமல் வாசித்தான். தட்டுகள் கடகடத்தன. பெடலை மிதித்து வாசித்தான். சத்தம் இறுகியது, தட்டுகள் வாயை மூடிக்கொண்டன. ரெண்டையும் திருப்பித் திருப்பி வாசித்துக் காட்டிவிட்டு, "இப்பச் சொல்லு" என்றான்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

சுங்கை காடுட் பேக்டரியில் சாமான் தரம் பார்க்கிறவன் நெல்சன். மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவன். அவனிடம் போய் ரெண்டும் ஒண்ணாம்.

"காதுல என்னா, பஞ்சா வச்சிருக்க?"

"என் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாலர் பள்ளியில எந்தப் பிள்ள கத்துச்சுன்னு திரும்பாமலே சொல்லுவேன். உங்களுக்குத்தான் மனசுல கேக்குது."

"மனசுலயா?"

"புதுச் சப்பாத்து போட்டா வேகமா ஓடுறேன் டீச்சர்னு பிள்ளைங்க சொல்லும். அந்த மாதிரி."

இதையும் ஒரு மனுசன் கேட்டுக்கொண்டு இருப்பானா?

"சரி. நான் குசினியில நிக்கிறேன். நீ கம்பிய அடி. பெடல் போட்டிருக்கா இல்லையான்னு நான் சொல்றேன். எல்லாம் சரியாச் சொல்லிட்டா ஆம்ப் ஹால்லயே இருக்கும், குடில் பிரிட்ஜ் மேல போகும்."

"ஒண்ணு தப்பாச் சொல்லிட்டா?"

"மூலை உனக்கு."

"அந்த மூலையில நான் எப்படி வேணும்னாலும் வச்சிக்குவேன். பேச்சு மாறக் கூடாது."

"நான் மாறுவேனா?"

நெல்சன் ஒன்றும் மடையன் இல்லை. வெறும் காதை நம்பி எவன் பந்தயம் கட்டுவான்? தட்டு கடகடத்தால் பெடல் இல்லை. தட்டு சும்மா இருந்தால் பெடல் இருக்கிறது. அவளுடைய கல்யாணத் தட்டே அவனுக்குச் சாட்சி சொல்லப்போகிறது. சிரிப்பை அடக்குவதுதான் பெரிய பாடாக இருந்தது.

"சுவத்தப் பாத்து நில்லுங்க. கண்ண மூடுங்க. கையக் கட்டுங்க."

"கைய எதுக்குக் கட்டணும்?"

"பழக்கதோசம்லா."

ஹாலில் டொப்பென்று ஒரு சத்தம்.

"என்னாத்த ஒடைச்ச?"

"மிதிச்சுப் பாத்தேன்." பிறகு அவள் குசினிக்குள் வருகிற சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் மேசையில் சாப்பாட்டு மூடியை எடுத்து வைக்கிற சத்தமும் கேட்டது. "வடையில ஈ மொய்க்குது, மூடிட்டுப் போறேன். திரும்பாதீங்க."

ஹாலுக்குத் திரும்பிப் போய்க் கொரெட்டி தடித்த கம்பியை அடித்தாள். தட்டுகள் கடகடத்தன.

"பெடல் இல்ல" என்றான் நெல்சன்.

மறுபடி அடித்தாள். தட்டுகள் மூச்சுக் காட்டவில்லை.

"இப்பப் போட்டிருக்க."

"அடேயப்பா."

அந்த அடேயப்பாவில் மனுசனுக்குத் தலை கனத்துவிட்டது. அதற்கப்புறம் பதிலோடு விளக்கமும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தான். "இது பெடல் இல்லாம. தொளதொளன்னு தொங்குது பாரு. ஆ, இது பெடலோட. என்னா இறுக்கம். செவிடனுக்குக்கூடத் தெரியும்லா."

"போதுங்க. கண்ணத் தொறங்க. இவ்வளவு நேரம் நின்னுட்டீங்க, வடை எடுத்துச் சாப்பிடுங்க."

ஜெயித்தவனுக்கு உண்டான மரியாதை. நெல்சன் சாப்பாட்டு மூடியைத் தூக்கினான். தட்டு நிறைய உளுந்து வடை. நடுவில் பச்சைப் பெடல். அதில் ஓர் ஒயர்கூட இல்லை.

ஹாலுக்கு ஓடினான். கித்தார் ஒயர் நேராக ஆம்ப்புக்குள் போயிருந்தது. முதலில் கேட்ட டொப், பெடலிலிருந்து ஒயரைப் பிடுங்கிய சத்தம். கொரெட்டி கித்தாரை மாட்டிக்கொண்டு அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். கம்பியை அடித்தாள். தட்டுகள் சும்மா இருந்தன. முதுகை எடுத்துக்கொண்டு அடித்தாள். கடகட.

"ஏமாத்து வேலை. இதெல்லாம் ஒரு பந்தயமா?"

"காதால கேக்குறேன்னு சொல்லிட்டு என் தட்ட ஒட்டுக்கேட்டது யாரு? வாசிச்சுக் காட்டினப்பவே பாத்தேன். ஒவ்வொரு தடவையும் உங்க கண்ணு அலமாரிக்குப் போச்சு. பக்கத்துப் பிள்ள நோட்டப் பாத்து எழுதுறதுங்களுக்கு அப்படித்தான் கண்ணு போகும்."

"அப்ப உனக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்கு. பின்ன ஏன் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்ன?"

"நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தா நீங்க பந்தயத்துக்கு வந்திருப்பீங்களா?"

நெல்சன் குசினிக்குப் போய்ப் பெடலில் இருந்த வடை எண்ணெயைத் துடைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கொரெட்டி குடில் கட்டினாள். ஆம்ப்பைப் பின்னால் ஸ்டோருக்குத் தள்ளிவிடுவாள் என்று எதிர்பார்த்து நெல்சன் நாலு வார்த்தை தயார் பண்ணி வைத்திருந்தான். அந்த நாலு வார்த்தையும் வீண். அவள் ஆம்ப்பை நகர்த்தவே இல்லை. அதன் மேல் பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் போர்த்தினாள், அது பெத்லகேம் மலையாகிவிட்டது. மலையடிவாரத்தில், தரையில், லாலாங் புல் வேய்ந்த தொழுவம். பக்கத்தில் இடையர்கள், ஆடுகள்.

சாயங்காலம் கெரல் பழக வேண்டும். நெல்சன் கித்தாரை மாட்டிக்கொண்டு வந்து பெடலைத் தேடினான். தொழுவத்துக்கு முன்னாலேயே கிடந்தது. பாட்டரி போட்டு, விளக்கு எரிய ஒயரும் சொருகி வைத்திருந்தாள். இடையர்கள் அதன் சிவப்பு விளக்கைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள்.

"இது எப்பக் கிடைக்கும்?"

"ஜனவரியில மூணு ராஜா திருநாள் முடியட்டும்."

"கெரலு அதுக்கு முன்னாலலா."

"ஒயர் வேணாத மரக் கித்தார் இருக்குல்ல."

என்ன அநியாயம் இது? யார் வாங்கிய பெடல்? நெல்சன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மிதிக்கக் காலைத் தூக்கினான்.

"பாத்துங்க," என்றாள் கொரெட்டி. "பச்சையில ஆடு மேயுது."