மூணாவது வேண்டாம்

ஓய்வு பெற்ற அன்றைக்கே சபதம் எடுத்துவிட்டேன். இந்தக் குளிர்காலம் முழுக்க, விடிந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை, உறைந்த ஏரிக்கு மேல் என் மீன் குடிசையில்தான் இருப்பேன். பனிக்கட்டியில் ஒரு துளை. துளையில் ஒரு தூண்டில். பக்கத்தில் என் நாற்காலி. நாற்காலியில் நான். "ஆர்லன், இங்கே கொஞ்சம் வா" என்று கூப்பிட ஒரு ஜீவன் இருக்கக் கூடாது.

ஆயுசு முழுக்க மினசோட்டா மாநில ரோடுகளில் பனி தள்ளும் லாரி ஓட்டினவன் நான். ஊர் தூங்கும்போது எழுந்து, பனியை ஒதுக்கி, உப்பைத் தூவி, ஊர் எழுந்திருக்கும்போது வீட்டுக்கு வருவேன். பனிக்காக நான் இத்தனை காலம் ஓடினேன். இனி பனி மேல் நான் உட்காரக் கூடாதா? நியாயம்தானே?

நியாயம்தான். ஆனால் என் மனைவி மார்லிஸ், சர்ச் கீழ்த்தளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை மட்டும். அரை நாள் பள்ளி. அங்கிருந்துதான் எனக்கு வினை வந்தது.

வினை முதலில் ஷேவிங் நுரை டப்பா வடிவத்தில் வந்தது. கடையிலிருந்து வந்த பையில் வரிசையாக டப்பாக்கள். எங்கள் வீட்டில் சவரம் செய்துகொள்ளும் ஆளே கிடையாது. என் தாடிக்கு எங்கள் கல்யாணத்தைவிட வயசு அதிகம்.

"மார்லிஸ், இதென்ன? தாடியை எடுக்கச் சொல்றியா?"

"ஐயையோ, எடுத்துடாதே. உள்ளே எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு. பயமா இருக்கு."

"அப்ப இது யாருக்கு?"

"பனிப் பொம்மைக்கு. நுரையையும் வெள்ளைப் பசையையும் கலந்தா உப்புற பெயிண்ட். அட்டையில பூசினா பனி மாதிரி புசுபுசுன்னு உப்பும். அப்படியே காயும். புதன்கிழமை பிள்ளைங்களுக்கு அதுதான் வேலை. ஆனா பாவம் லாவோன், பனியில வழுக்கி மணிக்கட்டு சுளுக்கிக்கிட்டா."

லாவோன் பள்ளியில் அவளுக்கு உதவியாள். என் சிநேகிதன் டெல்மரின் மனைவி.

"அடப் பாவமே," என்றேன். அதைக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது.

"நீ வந்து கை கொடேன்."

"வேண்டாம்."

"ஒரே ஒரு காலைதான், ஆர்லன்."

"வேண்டாம், மார்லிஸ்."

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் யாராவது காபி வேண்டுமா என்றால் உடனே சரி என்பவன் காட்டுமிராண்டி. முதல் தடவை "வேண்டாம்." இரண்டாம் தடவை "பரவாயில்ல, வேண்டாம்." மூன்றாம் தடவை கேட்டால் "சரி, அரை கப் மட்டும்." ஆக, முதல் இரண்டு வேண்டாமும் மரியாதை. மூணாவது வேண்டாம்தான் நிஜ வேண்டாம்.

என் மூணாவது வேண்டாம் தொண்டையில் தயாராக நின்றது. மார்லிஸ் வாயைத் திறந்தாள்.

"அடடா, அடுப்புல உருளைக்கிழங்கு!" என்று சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

சாயங்காலம் போனில் அவள் குரல் கேட்டது. "ஆமா பாஸ்டர், ஆர்லன் வர்றதா ஒத்துக்கிட்டாச்சு."

"நான் எப்பம்மா ஒத்துக்கிட்டேன்?"

"ரெண்டு தடவை வேண்டாம்னியே!"

ஊர் வழக்கத்தை எதிர்த்து நான் வாதாட முடியுமா? வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கைத் தின்றேன்.

மறுநாள் மீன் குடிசையில் டெல்மரிடம் புலம்பினேன்.

"ஒரு நாள் போனா போகுதுடா. ஆனா நல்லா செஞ்சு தொலைச்சேன்னா, தினமும் கூப்பிடுவா. என் ஏரி போச்சு."

"அப்ப கெட்டதா செய்," என்றான் டெல்மர், தூண்டிலைப் பார்த்தபடியே.

"எப்படி?"

"ஆயுசு முழுக்கப் பனியை எதைப் போட்டுடா ஒழிச்சே?"

"உப்பு."

நான் எழுந்து நின்றேன். குடிசைக் கூரையில் தலை இடித்தது. யோசனையும் இடித்தது. ரோட்டுப் பனியே உப்புக்குக் கரையும்போது, கேவலம், இந்த நுரைப் பனி எம்மாத்திரம்? பிள்ளைகள் செய்த பொம்மையெல்லாம் பொலபொலவென்று சரியும். மார்லிஸ் முறைப்பாள். "நல்லா உப்பணும்னியே, அதான் உப்பு போட்டேன்" என்பேன், அப்பாவியாக. அத்தோடு என் பள்ளிப் படிப்பு முடிந்தது.

"டெல்மர், நீ மேதாவிடா!"

"சும்மா தோணிச்சு," என்றான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டெல்மருக்குச் சும்மா எதுவும் தோன்றியதே இல்லை.

புதன்கிழமை வந்தது. பிள்ளைகளும் வந்தார்கள். பனிக்கோட்டு, பனிக்கால்சட்டை, பூட்ஸ், தொப்பி, கையுறை. ஒவ்வொன்றாகக் கழற்றினால் உள்ளே கடுகளவுக்கு ஒரு பிள்ளை இருக்கும். வெங்காயம் உரிப்பது போலத்தான். கடைசியில் கண்ணீரும் வந்தது, என் கண்ணில்.

வில்லா என்று ஒரு குட்டி. பெயருக்கேற்ற வில்லி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் தாடி நிஜமா?"

"நிஜம்தான்."

இழுத்துப் பார்த்தாள். நிஜம்தான்.

ஓட்டோ என்ற பொடியன் அருகில் வந்து ரகசியமாகக் கேட்டான். "நீதான் பெரிய்ய பனி லாரி ஓட்டினியா?"

"ஆமாம்."

"ரோட்டை எல்லாம் நீதான் கண்டுபிடிச்சியா?"

பனிக்கு அடியில் காணாமல் போன ரோட்டைத் தினமும் தேடி எடுத்தவன் நான். யோசித்துப் பார்த்தால் பையன் சொன்னது சரி. இத்தனை வருஷ வேலையில் எந்த மேலதிகாரியும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

"ஆமாம். நான்தான்," என்றேன்.

"லாரி எப்படிக் கத்தும்?"

கத்திக் காட்டினேன். மேலே சர்ச்சில் வாத்தியம் பழகிக்கொண்டிருந்த அம்மாள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். "இன்னொரு தடவை!" என்றது பள்ளி மொத்தமும். இன்னொரு தடவை கத்தினேன்.

சரி, வேலைக்கு வருவோம். கிண்ணத்தில் நுரை. அதில் பசை. மார்லிஸ் அந்தப் பக்கம் யாருக்கோ மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தாள். கல்லுப்பு டப்பா என் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருந்தது. என் அதிர்ஷ்டம்! பழகின கையாயிற்றே, லாரியிலிருந்து தூவுவது போல வீசித் தூவினேன். கலக்கினேன். சரியட்டும் என்று காத்திருந்தேன்.

சரியவில்லை.

"ஏய், கரகரங்குது!" என்றாள் வில்லா, நுரைக்குள் விரலை விட்டு.

"மின்னுது! நிஜப் பனி!" என்றான் ஓட்டோ.

ஜன்னல் வெயிலில் அட்டைப் பொம்மைகள் மின்னின. வயிறு உப்பி, கன்னம் உப்பி, வைரம் பதித்தது போல நின்றன. எனக்கும் உப்பு, எனக்கும் உப்பு என்று கைகள் நீண்டன. நானும் மேஜை மேஜையாகப் போய்த் தூவினேன், வாயால் லாரி ஓட்டிக்கொண்டே. அட்டை தீர்ந்ததும் என் தாடியில் பூசினார்கள். ஓட்டோ என் மூக்கில் கேரட் வைத்துப் பார்த்தான். நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பொய் சொல்லக் கூடாது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. போகும்போது வில்லா என் பூட்ஸைக் கட்டிப்பிடித்து, "நாளைக்கும் வா," என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதுகளுக்கு இன்னும் ஊர் வழக்கம் தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டில் மார்லிஸ் கேட்டாள். "நாளைக்கும் வர்றியா?"

உள்ளே மனசு குதித்தது. ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"வேண்டாம்."

"ஓட்டோ கேட்டான்."

"சேச்சே, வேண்டாம் மார்லிஸ்."

மூணாவது தடவைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"சரி, டெல்மரைக் கேக்குறேன்."

"டெல்மரா? அவனுக்கு லாரிச் சத்தம் வருமா? மார்லிஸ், நீ மூணாவது தடவை கேக்கலியே!"

"உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

"நான் வர்றேன்!"

"வேண்டாம் ஆர்லன். உனக்கு ஏரி இருக்கு."

"ஏரி எங்கே போகப்போகுது? வர்றேன்."

"பரவாயில்ல, வேண்டாம்."

அவள் கையில் இருந்த துடைக்கும் துணியைப் பிடித்துக்கொண்டேன். "மார்லிஸ், உனக்குப் புண்ணியமாப் போகும். வரட்டுமா?"

அவள் துணியை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

"சரி. நீ இவ்வளவு கெஞ்சுறதால. தினமும் அரை நாள் மட்டும்."

அரை நாள் மட்டும் என்றதும் நன்றி சொல்லிவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. பள்ளியே அரை நாள்தானே!

சனிக்கிழமை பள்ளி கிடையாது. தாடியில் இன்னும் உப்பு மின்ன, ஏரிக்கு ஓடினேன். என் குடிசைக் கதவைத் திறந்தேன். என் நாற்காலியில் லாவோன். பக்கத்தில் டெல்மர். என் தூண்டிலை இரண்டு கையாலும் பிடித்து, என் துளையிலிருந்து தன் முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"லாவோன்! கை சுளுக்கு?"

"அதுவா, புதன்கிழமை மத்தியானமே சரியாயிடுச்சு," என்றாள். "உப்பு நல்லா மின்னிச்சா? வருஷா வருஷம் நாங்க போடுறதுதான். இந்த வருஷம் நீயே போடுவேன்னு மார்லிஸ் சொன்னா. அதான் உப்புன்னு உனக்கு எடுத்துக் குடுக்கச் சொல்லி இவர்கிட்ட சொல்லிவிட்டோம்."

டெல்மரைப் பார்த்தேன். அவன் துளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லாவோன் நல்ல மனுஷி. பாதி எழுந்தாள். "நீ உக்காரு, ஆர்லன்."

"வேண்டாம்."

"அட, உன் நாற்காலிதானே, உக்காரு."

"பரவாயில்ல, வேண்டாம்."

அவள் திரும்ப உட்கார்ந்து தூண்டிலைத் துளைக்குள் விட்டாள்.

மூணாவது தடவை கேட்பாள் என்று இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.