பூட்டுக்கு மனை கிடையாது

பூமிக்கு அடியில் கிடக்கும் நிலக்கரியை எந்த மடையனும் தோண்டிவிடுவான். பூமிக்கு மேலே இருக்கும் நிலத்தைக் காப்பதுதான் தவம். அரசு நிலக்கரி நிறுவனம் ஒன்றின் டெல்லி அலுவலகத்தில் ‘நிலம் மற்றும் குடியிருப்பு’ அதிகாரியாக அந்தத் தவத்தைச் செய்தவன் அடியேன்.

ஆர்.கே.புரத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு மனை இருந்தது. ஊழியர் குடியிருப்பு கட்ட வாங்கியது. பதினாறு வருடமாகக் கூட்டம் போட்டோம், வீடுதான் எழும்பவில்லை. அதற்குள் நாற்பது குடும்பங்கள் அங்கே குடிசை போட்டுக்கொண்டன. என்ன அவசரமோ!

1998இல் காலி செய்ய முடிவாயிற்று. கணக்கெடுப்பு நாளில் குடிசையில் இருப்பவருக்கு மட்டும் மாற்று இடம். கருணை வழியும் அந்த விதியை எழுதியவனும் நானே.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பவுனுவின் குடிசையும் அங்கேதான். தனி ஆள். முந்தின நாள் தயங்கி நின்றாள்.

“நாளைக்கு லீவு வேணும் சார். கணக்கெடுக்க வராங்களாம். ஆள் இல்லன்னா எடம் கெடையாதாம்.”

“அட, வர்றதே நாங்கதான்! நான் இருக்கறப்ப உனக்கென்ன பயம்? கணக்கெடுக்கற கமிட்டிக்கு நம்ம வீட்டுலதான் சாப்பாடு. ஜல்தி வந்துடு.”

நம்பி வந்துவிட்டாள்.

மறுநாள் கமிட்டித் தலைவர் வெங்கட்ராமன் அவள் குடிசைப் பூட்டை ஆட்டிப் பார்த்தார்.

“இங்க யாரு?”

நிலத்தைக் காக்கும் அதிகாரியின் வீட்டு வேலைக்காரியே ‘ஆக்கிரமிப்பாளர்’ என்றால், வரவிருக்கும் என் பிரமோஷன் என்ன ஆவது?

“தெரியல சார்.”

“பூட்டுக்கெல்லாம் மனை குடுக்க முடியாது. ‘ஆளில்லை’ன்னு போடுங்க.”

போட்டேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மதியம் கமிட்டி மூன்று தரம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. எச்சில் தட்டுகளைப் பவுனு எடுத்துப்போனாள்.

குடிசைகளை இடித்த வாரம், மாற்று இடம் கேட்டு மனுவோடு வந்தாள்.

“அன்னிக்கு நான் உங்க வீட்டுலதான இருந்தேன் சார்? அத ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்.”

“பாவங்க, ஒரு வரிதானே?” என்றாள் என் மனைவி காந்திமதி.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு ஃபைலில் இடம் கிடையாது. மனுவை முறைப்படி பரிசீலித்து, கேட்டபடியே ஒரு வரி எழுதினேன்:

‘மனுதாரர் அன்று எங்கிருந்தார் என்பதற்குச் சாட்சி எவருமில்லை.’

அவள் கழுவிவைத்த டம்ளரில் காபி குடித்துக்கொண்டுதான் எழுதினேன்.