ஐநூறைத் தாண்டாத கார்

பெரம்பலூரில் எலக்ட்ரிக் கார் வாங்கி, ஓட்டாமலே அதைக் காப்பாற்றி வந்த ஒரே மனிதர் எங்கள் கீழ்வீட்டுக்காரர் ‘ஐநூறு’தான். இரண்டு மாதத்தில் ஐநூறு யூனிட்டைத் தாண்டினால் அடியிலிருந்தே ரேட்டு ஏறிவிடும் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் அந்தப் பயத்தில் தூக்கமே வராது.

கார் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் காருக்குத்தான் முதல் பந்தி. அது சார்ஜ் ஏறும்போது ஃபிரிட்ஜ் ஓடக் கூடாது, மிக்சி அலறக் கூடாது.

“சட்னி அரைக்கணுங்க” என்பார் அவர் மனைவி.

“இன்னிக்குப் பொடி வெச்சுக்க. வண்டி சாப்புடுதுல்ல?”

பெட்ரோலுக்கு அழுததை விட்டு இப்போது கரண்டுக்கு அழுகிறாரே என்று அவர் புலம்பலைக் கேட்கும் எனக்கே அலுத்துவிடும். மீன்சுருட்டியில் பங்காளி இறந்த வீட்டுக்குப் போனவர், மாலையை மறந்துவிட்டு சார்ஜர் ஒயரோடு இறங்கினார். துக்கம் கேட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த வீட்டு மருமகனிடம், “மாப்ள, பெரிய பிளக் எந்தப் பக்கம் இருக்கு?” என்றார். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் அவர் போனை எடுப்பதில்லை.

அந்தக் கோடையில் என் மனைவிக்கு வாரம் இரண்டு நாள் திருச்சியில் டயாலிசிஸ். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்து அவள் துவண்டு போனாள். எனக்கும் எதைப் பார்த்தாலும் சலிப்பு. ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிய எங்களை ஐநூறு மறித்தார்.

“ஏறுங்க சார். வண்டி சும்மாதான நிக்குது?”

முதல் நாள் ஏசி கிடையாது. “அது கரண்டைக் குடிச்சிரும் சார். காத்து வருதுல்ல?” என்றார். பாடாலூர் தாண்டியதும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். இவள் கண்ணை மூடியபடி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏசியைப் போட்டார். அப்புறம் எந்தப் பயணத்திலும் அதை அணைக்கவில்லை. கீழ்வீட்டில்தான் பாவம், பொடிக்கு மேல் பொடி.

ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, “ஐநூறத் தாண்டிருச்சுங்களே” என்றார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். இனி பஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டுக்காரர் மீட்டரையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தாண்டுனது தாண்டிருச்சு, இனிமே என்ன பயம்? நாளைக்கு தங்கச்சி எத்தன மணிக்குக் கெளம்பணும் சார்?”

அப்படியே வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார். “இந்தா, மிக்சியப் போட்டுக்க!”

தெருவுக்கு அவர் இன்றும் ஐநூறுதான். எங்கள் வீட்டில் மட்டும் அவர் பெயர் அண்ணன். என் மனைவி வைத்த பெயர் அது.