பறந்து போன சவுரி

வீடியோ பார்த்து அறிவை வளர்த்துக்கொண்டவர்களிடம் உங்கள் தலையைக் கொடுக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன். தலையைக் கொடுத்தவளாக அல்ல, அறிவை வளர்த்துக்கொண்டவளாக.

விழுப்புரத்தில் நான் பியூட்டி பார்லர் தொடங்கி இரண்டாவது வருடம். வெளிநாட்டில் எங்கோ ஒரு ரோபோ ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிவிடும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து என் கால் தரையில் நிற்கவில்லை. இன்னும் பத்து வருஷத்தில் ரோபோதான் முடி வெட்டும், ட்ரோன்தான் தலை காய வைக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம். (ஃபேஷியல் போட்டுப் படுத்திருப்பவர்கள் பாவம், எழுந்து ஓடவா முடியும்?)

அப்போதுதான் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண் நித்யாவுக்குத் தோள்வரைதான் முடி. அவள் அம்மாவோ, சம்பந்தி வீட்டில் "எங்க பொண்ணுக்கு இடுப்புக்குக் கீழ முடி" என்று சொல்லி வைத்திருந்தார். மீதி இரண்டடியைச் சவுரி வைத்து நிரப்புவது என் பொறுப்பு. வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நித்யாவின் தலையை அலசி, சவுரியையும் அலசி முடித்தேன். கரண்ட் போனது. மண்டபத்து ஜெனரேட்டர் என் டிரையரைச் செருகியதும் இருமி நின்றுவிட்டது. மேனேஜர் வந்து டிரையரைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

வேறு யாராவது என்றால் துண்டால் துவட்டியிருப்பார்கள். நான் வீடியோக்காரத் தம்பி சதீஷைத் தேடிப் போனேன். அவனிடம் ட்ரோன் இருந்தது.

நித்யாவை மொட்டை மாடியில் உட்கார வைத்தோம். ட்ரோன் சற்றுத் தள்ளி நின்று காற்றை இறைத்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், முடி காய்ந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று நான் விஞ்ஞானி.

"சவுரிக்கும் கொஞ்சம் காட்டு தம்பி. இன்னும் கிட்ட."

"வேணாங்க்கா, மாட்டிக்கும்."

"நான் பாத்துக்கறேன், கிட்ட வா."

நாற்காலியில் கிடந்த சவுரி துள்ளியது. அதன் கயிறு ட்ரோனின் காலில் மாட்டியது. சதீஷ் பதறிப்போய் எதையோ அழுத்த, ட்ரோன் சவுரியோடு மேலே போய்விட்டது. கீழே வாசலில் மேளத்தோடு மாப்பிள்ளை கார் வந்துகொண்டிருந்தது. ட்ரோன் ஊர்வலத்தின் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, மாப்பிள்ளையின் அத்தை ஏந்தி வந்த பூத்தட்டில் சவுரியைப் போட்டது. "பாம்பு" என்று ஒரு சத்தம். மேளம் நின்றது.

நித்யாவின் அம்மா மாடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் பொண்ணு வாழ்க்கைய ஏரோப்ளேன்ல ஏத்திட்டியேம்மா" என்றார். நான் பின்பக்க வழி எங்கே என்று பார்த்து வைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மேலே ஏறி வந்தார். கையில் சொட்டச் சொட்டச் சவுரி. எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது யாருதுன்னு நான் கேக்கல" என்றார். "ஈரமா இருக்குது. இத்த வச்சா பொண்ணுக்கு ஜலதோஷம் பிடிச்சிக்கும்."

பிறகு தன் பெரிய கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். கொண்டை அப்படியே கையோடு வந்தது. உள்ளே இருந்தது எலிவால் அளவு முடி.

"இது காஞ்சிருக்குது. ஜல்தியா வச்சி வுடும்மா, கீழ எல்லாம் காத்துக்கினு இருக்காங்க."

நித்யாதான் முதலில் சிரித்தாள். பிறகு அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் சிரித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

சதீஷின் ட்ரோன் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தது. அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் தாலி கட்டும் காட்சியைத் தாண்டிவிட்டு அதைத்தான் போடுகிறார்கள். திண்டிவனத்தில் எனக்குப் பெயரே 'ட்ரோன் அக்கா'. போன மாதம் நித்யாவின் குழந்தைக்கு மொட்டை போட அழைப்பு வந்தது. பேசியது அவள் மாமியார்.

"அவசியம் வந்துடும்மா" என்றார். "முடி இறக்க ஆள் சொல்லிட்டோம். நீ சாப்பிட மட்டும் வா."