கதிரையை விட்டு எழும்பாதவன்

மூன்றாம் ஞாயிறும் யோசேப் குறட்டை விட்டான்.

தன் வீட்டில் விட்டிருந்தால் சிங்கராசாவுக்கு ஒன்றுமில்லை. அவன் விட்டது வங்காலையில், கோயில் மண்டபத்தில், முன்வரிசையில், யப்பான்காரரின் கார்ட்டூன் கீறல்படம் ஞாயிறுக்கொரு பாகமாக ஓடிக்கொண்டிருந்தபோது. அதுவும் சிங்கராசாவின் மகள் டிலோஜினி வேலை செய்த படம்.

"டேய் யோசேப்பு, எழும்படா!"

"அவன் எழும்பினவனே?" யோசேப் கண்ணைத் திறக்காமலே திரையைக் காட்டினான். "அவன் கதிரையை விட்டு எழும்பட்டும், நானும் எழும்புறன்."

மண்டபம் சிரித்தது. யோசேப் சொன்னதில் பிழையில்லை. அதுதான் சிங்கராசாவுக்கு வயிற்றெரிச்சல்.

முதல் ஞாயிறு இப்படியா இருந்தது? கடல் முழுவதும் வானத்துக்கு ஏறிவிட்ட ஒரு காலம். கீழே உப்பும் மணலும். தலைக்கு மேலே நீலமாக அலையடிக்கிறது. தொழிலாளிகள் வலையை மேலே எறிகிறார்கள். மீன் மழையாகக் கொட்டுகிறது. வள்ளங்களை, யானைபோல ஊதிப் பருத்த பெருக்கமரத்து உச்சியில் கட்டுகிறார்கள். மரத்தைச் சுற்றி ஏறும் படிகளில் கழுதைகள் மீன்பெட்டி சுமக்கின்றன. சனம் வாயைப் பிளந்தது.

"உது எங்கட பள்ளிமுனைப் பெருக்கமரமெல்லே!"

"உந்தக் கழுதையை நான் மன்னார் பஸ் ஸ்ராண்டில கண்டனான். என்ர வாழைப்பழத்தைத் திண்டது உதுதான்!"

சிங்கராசாவின் நெஞ்சு சேட்டுப் பொத்தானைத் தெறிக்க வைக்கிற அளவுக்குப் புடைத்தது. "எல்லாம் என்ர பிள்ளை கீறினது," என்றார். பிள்ளை கீறுவதை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் டிலோஜினி யப்பானுக்குப் போனபோது, "படம் கீறுற கம்பனியில வேலை அப்பா" என்றுதான் சொன்னாள். படம் கீறுகிற கம்பனியில் மீனா வெட்டுவார்கள்?

இடம் இப்படி. கதையோ, ஒருவன் பின்னேரமானால் மரத்தடியில் கதிரையைப் போட்டுக் குந்துகிறான். வானத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு வள்ளத்துக்கும் அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பார்க்கிறான். எல்லாம் இறங்கியதும் வீட்டுக்குப் போகிறான். கதவைச் சாத்தாமல் படுக்கிறான். அடுத்த கிழமையும் அதுதான். சண்டையில்லை, காதலில்லை, வில்லனென்று ஒரு நண்டுகூட இல்லை.

முதல் ஞாயிறு இரவே டிலோஜினி தொலைபேசியில் கேட்டாள்: "கதை எப்பிடி அப்பா?"

"கதையை விடு பிள்ளை, கடலைப் பார்! என்ன கை உனக்கு!"

"அப்பா, நான் அதில..."

"நீ சும்மா இரு. தன்னைத் தானே புகழக் கூடாது. அதுக்கு நானிருக்கிறன்."

மகள் திருவிழாவுக்கு வருகிறாள். அன்றைக்கு ஊரே கூடி அவளுக்கு மாலை போடும் என்று பாதரிடமும் பங்குச் சபையிடமும் சிங்கராசா வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சனம் இப்போதே கழன்றால் மாலையை யார் போடுவது? யோசேப்பின் குறட்டையா?

நாலாம் ஞாயிறு, பக்கத்து வீட்டு அன்ரோனெற்றைக் கொண்டு வாய்ப்பன் சுடுவித்தார். மண்டபம் நிரம்பியது. வாய்ப்பன் முடிந்ததும் காலியானது.

"வாய்ப்பன் திறம்," என்று யோசேப் வாயைத் துடைத்தான். "படம்தான் ஊசிப்போச்சு."

கடைசிவரை நின்றவள் அன்ரோனெற் ஒருத்திதான். வாசலில் நின்று சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, உனக்கும் நித்திரை தூங்குதோ?"

"அடுப்புப் புகை அண்ணை."

சிங்கராசா நொந்துபோய் வீட்டுக்கு வந்து, தன் நீலப் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். வள்ளங்கள் வரும் நேரம்.

"எங்கயண்ணை?" என்றான் வழியில் வந்த ஒருவன்.

"காத்து வாங்க."

மகன் நிறோஜன் போன வள்ளம் கரைசேராத வருசத்திலிருந்து அவர் காற்று வாங்குகிறார். அதைப் பற்றி வங்காலையில் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

அன்றைய காற்றில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யப்பான் பாஷை எவனுக்குத் தெரியும்? அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்தார்.

"இவன் சும்மா குந்தியிருக்கிறான் எண்டு நினையாதேங்கோ. இவன் மாறுவேசத்தில வந்த பொலிஸ்! வள்ளத்தில தங்கம் கடத்துறவங்களைப் பிடிக்கத்தான் லாம்பு பிடிக்கிறான்!"

யோசேப் நிமிர்ந்து உட்கார்ந்தான். செய்தி பரவி, அடுத்த கிழமை தோட்டவெளியிலிருந்தும் ஓட்டோ பிடித்து ஆள் வந்தது. சிங்கராசா இன்னும் ரெண்டு கொலையைச் சேர்த்தார். கழுதையின் வயிற்றில் தங்கம் என்றார். ஆனால் திரையிலிருந்தவனுக்கு இது ஒன்றும் தெரியாது. அவன் பாட்டுக்குக் குந்தியிருந்தான்.

"எப்ப அண்ணை பிடிப்பான்?"

"பொறடா, பிடிப்பான்."

பள்ளிக்கூடத்துச் சிவலட்சுமி ரீச்சர்தான் காரியத்தைக் கெடுத்தா. புரொஜெக்டர் போடுகிறவவும் அவதான். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரிந்தவவும் அவதான்.

"அண்ணை, அவர் தங்கத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. 'காத்து நல்லாயிருக்கு' எண்டுதான் சொல்லுறார்."

"காத்தோ?" யோசேப் எழும்பியே விட்டான். "ஆறு கிழமையாக் காத்தோ வாங்கிறான்?"

கடைசி ஞாயிறு மண்டபத்துக்கு வெளியிலும் சனம். பொலிஸ் அல்லாவிட்டாலும் என்னவோ ஒன்று நடக்கத்தானே வேண்டும்? கடைசி வள்ளமும் இறங்கியது. அவன் லாம்பைத் தூக்கிப் பார்த்தான். வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் படுத்தான். படம் முடிந்தது.

"காசில்லாட்டியும் பரவாயில்லை, நேரத்தைத் திருப்பித் தாங்கோ!" என்றது தோட்டவெளி.

"சிங்கராசாண்ணை, உங்கட மேள் எங்களைப் பேய்க்காட்டிப் போட்டாள்!"

மகளின் பேர் அடிபட்டதும் சிங்கராசா மைக்கைப் பறித்தார்.

"பொத்தடா வாயை! படம் எப்பிடி? கடல் எப்பிடி?"

"கடல் திறம்தான்..."

"அது என்ர பிள்ளை! கதை எழுதினவன் வேற! ஆரோ ஒரு விசரன், முழுப் பைத்தியம்! என்ர பிள்ளை வானத்தில கடலைக் கட்டிக் குடுக்க, அந்த விசரன் அதுக்குக் கீழ கதிரையைப் போட்டிட்டான்!"

மண்டபம் இதை ஒரே குரலில் ஏற்றுக்கொண்டது. குற்றவாளி கிடைத்த சந்தோசத்தில் யோசேப் கைத்தொலைபேசியைத் தூக்கினான். எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்: "டிலோஜினி வாழ்க! கதை எழுதின விசரன் ஒழிக!" கொடுப்புப் பல் தெரியச் சத்தமாகக் கத்தியவர் சிங்கராசா. வீடியோவை மகளுக்கு அனுப்பி, "அந்த விசரனுக்கும் காட்டு" என்று குரலும் பதிந்துவிட்டார்.

மறுநாள் பதில் வந்தது: "பார்த்தாச்சு அப்பா."

திருவிழாவுக்கு டிலோஜினி வந்தாள். கூடவே கென்ஜி என்றொரு யப்பான் பொடியன். கம்பனியில் ஒன்றாக வேலையாம். பூசை முடிந்து மண்டபத்தில் மாலை, பொன்னாடை. சிங்கராசா ஒலிவாங்கியை விடவேயில்லை.

"இந்தக் கை! யப்பான்காரனே கும்பிடுற கை!"

"அப்பா, நான் ஒண்டு சொல்லவேணும்..."

"சொல்லாத, செய்து காட்டு! பிள்ளைக்கு மார்க்கரைக் குடுங்கோ! ஒரு வள்ளம் கீறு பாப்பம்!"

வெண்பலகைக்கு முன்னால் டிலோஜினி நின்றாள். தகப்பனைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். கீறினாள்.

சனம் தலையை இடமும் வலமும் சரித்துப் பார்த்தது.

"அண்ணை," என்றான் யோசேப் மெதுவாக, "உது வள்ளமோ, பாட்டா செருப்போ?"

"பிளேனில வந்த களை!" சிங்கராசாவுக்கு வியர்த்தது. "நித்திரையில்லாத கை! பிள்ளை, கழுதையைக் கீறு, கழுதையை!"

கழுதை செருப்பைவிட மோசமாக வந்தது. பின்வரிசையில் ஒருவர் அதைப் பூசணிக்காய் என்றார்.

அப்போதுதான் கென்ஜி எழும்பினான். டிலோஜினியின் கையிலிருந்த மார்க்கரை மெல்ல வாங்கினான். ஒரு வளைவு, வானத்தில் கடல். நாலு கோடு, பெருக்கமரம். கழுதை அதுவாகவே படியேறியது. கடைசியில் மரத்தடியில் ஒரு கதிரையைக் கீறி, அதில் முதுகு காட்டி ஒரு மனிதரை இருத்தினான். நீல மார்க்கரை எடுத்துக் கதிரைக்கு மட்டும் நிறம் தீட்டினான்.

வாசலில் அன்ரோனெற் சேலைத் தலைப்பை எடுத்தாள். இன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவேயில்லை.

கென்ஜி சிங்கராசாவுக்கு முன்னால் வந்து, இடுப்பு மடியக் குனிந்தான். பிறகு, வழியெல்லாம் டிலோஜினியிடம் பாடமாக்கிய வங்காலைத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்:

"கடல் கீறினது நான், ஐயா. கதை எழுதின விசரி இவதான். கதிரையில இருக்கிறவரை மட்டும் நான் இண்டைக்குத்தான் நேரில காணுறன்."